மஞ்சள் வீட்டுக்குக் கீழே நின்ற கப்பல்

மாமி, போன சனிக்கிழமை அப்டன் பார்க் சந்தைக்குப் போனேன். கத்தரிக்காய் வாங்கத்தான் போனேன். ஓர் ஆபிரிக்கக்காரர் தன் கடை வாசலில் விறகு மாதிரி அடுக்கி வைத்திருந்த காய்ந்த மீனின் மணம் மூக்கில் ஏறியதும் கால் நின்றுவிட்டது. எங்கள் கருவாட்டு மணம் இல்லை அது. உப்பே படாமல் குளிர்காற்றில் மட்டும் காய்ந்த மீன். எங்கேயிருந்து வருகிறது என்று கேட்டேன். நோர்வே என்றார். எனக்குத் தெரியும், சும்மா கேட்டேன். அந்த மணத்தோடு நின்றதில் கத்தரிக்காய் மறந்துபோய், வெறும் பையோடு வீட்டுக்கு வந்தேன். “என்ன, சந்தை பூட்டிக் கிடக்கோ?” என்று உங்கள் மூத்த மகன் கேட்டார். உங்களோடு கதைக்க வேண்டும் போலிருக்கிறது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? அதுதான் எழுதுகிறேன்.

உங்களுக்கும் எனக்கும் ஒத்துப்போகாது என்பது லண்டன் ஈஸ்ட் ஹாமில் எங்களைத் தெரிந்த எல்லாருக்கும் தெரியும். புட்டுக்குத் தேங்காய்ப்பூக் கூடப் போட்டால், “தென்னந்தோட்டம் சீதனமா கொண்டு வந்தனீ போலை” என்பீர்கள். குறையப் போட்டால், “இது புட்டோ, ஆத்து மணலோ?” என்பீர்கள். நானும் வாய் சும்மா இருக்கிற ஆள் இல்லை. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று உங்கள் காதுபடவே எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன். அப்படி இருந்தும், ஒன்றின்மேல் ஒன்றான கட்டில் போட்ட ஒரு சின்ன அறையில், ஒரு கிழமைக்கு மேல் உங்களோடு கடலில் போனவள் நான்தான். அந்தக் கப்பலைப் பற்றிக் கதைக்க உங்களை விட்டால் எனக்கு வேறு ஆள் இல்லை.

கப்பலுக்கு முன்னால் அந்தக் குளியலைச் சொல்ல வேண்டும். தொண்ணூற்றோராம் ஆண்டுக் குளிர்காலம். உங்கள் சின்னவன் நோர்வேக்குப் படிக்கவென்று போய், வடக்கே ஒரு மீன் தொழிற்சாலையில் வேலைக்கு நின்றுவிட்டிருந்தான். அங்கேயே தன்னோடு வேலை செய்கிற ஒரு நோர்வேப் பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துவிட்டதாகத் தொலைபேசியில் சொன்னான். நீங்கள் தொலைபேசியை வைக்காமல் மேசையில் கிடத்திவிட்டு எழுந்து போனீர்கள். சேலை ஊறப்போடுகிற வாளியில் பச்சைத் தண்ணீரை நிரப்பி, உடுத்த சேலையோடு குளியல் தொட்டிக்குள் ஏறி நின்று, தலையில் ஊற்றினீர்கள். எங்கள் சனம் செத்தவர்களுக்காகத் தலைமுழுகும். உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு முழுகினால், இனி அவன் எனக்குச் செத்தவன் என்று அர்த்தம். ஊரில் ஒரு பேச்சுக்குச் சொல்வார்கள், “அவனைத் தலைமுழுகிட்டன்” என்று. உண்மையாகவே முழுகிய ஒருவரை நான் அன்றுதான் கண்டேன். அதுவும் கிணறில்லாத நாட்டில், கவுன்சில் தந்த வீட்டின் மேல்மாடியில்.

தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து தொலைபேசியை எடுத்தீர்கள். அவன் அதுவரைக்கும் வைக்காமல் காத்துக்கொண்டிருந்தான். “முழுகிப்போட்டன். இனி எனக்கு ஒரு பிள்ளைதான்” என்றீர்கள்.

கம்பளம் முழுக்கத் தண்ணீர். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. உங்களைக் கதிரையில் இருத்தி, முடி உலர்த்தும் மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றபோது உங்கள் தலை என் கைக்குள் நடுங்கியது.

கோபம் வந்த வேகத்தில் போய்விடுகிற ஆள் நீங்கள். அடுத்த பொங்கலுக்கு முன்பே அது போய்விட்டது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் சொன்ன சொல் போகவில்லை. அவன் பிறகு தொலைபேசி எடுக்கவில்லை. நீங்களும் எடுக்கவில்லை. அவனுக்கு ஒரு பெண்பிள்ளை பிறந்திருக்கிறது என்று கோயிலில் யாரோ ஒருவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டுக் கோடையில் ஒருநாள் வெண்டிக்காய் வெட்டிக்கொண்டிருந்தவர் தலை நிமிராமலே சொன்னீர்கள்: “எனக்கு ஒருக்கா மலை பாக்கவேணும்.”

யாழ்ப்பாணத்துப் பெண், பனையையும் கோபுரத்தையும் விட உயரமாக எதையும் கண்டறியாதவர், அறுபத்தெட்டு வயதில் மலைக்கு ஆசைப்படுகிறார்! நான் சிரித்துவிட்டேன். நோர்வேயில் கரையோரமாக ஒரு கப்பல் போகிறதாம், மலைகளுக்கு நடுவால் போய், ஒவ்வொரு மீன்பிடி ஊரிலும் நின்று நின்று வடக்கு முனைவரை போய்த் திரும்புகிறதாம் என்று கோயிலில் கேட்டு வந்திருந்தீர்கள். எந்த ஊர்களில் நிற்கும் என்றும் கேட்டு வைத்திருந்தீர்கள். அதற்குப் பிறகு நான் சிரிக்கவில்லை.

உங்கள் மூத்த மகன் வர மறுத்துவிட்டார். “முழுகினது முழுகினதுதான். பிறகென்ன மலையும் மண்ணாங்கட்டியும்?” என்றார். எனக்குப் பள்ளிக்கூடக் குசினியில் சமையல் வேலை, கோடையில் லீவு. உங்களில் இருந்த அன்பினால் கூட்டிக்கொண்டு போனேன் என்று எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள். அந்த லீவு முழுக்க நீங்கள் யன்னலடியில் நிற்பதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் ஏலாது, அதுதான் காரணம். சின்னவன் வீட்டுத் தொலைபேசி இலக்கத்தைத் தேடிப் பிடித்து எடுத்தேன். அவன் மனைவி எடுத்தாள். எந்தக் கப்பல், எந்த நாள் என்று என் குசினி ஆங்கிலத்தில் சொன்னேன். அவரிடம் சொல்கிறேன் என்றாள். அதை உங்களிடம் சொன்னபோது, “நான் மலை பாக்கத்தானே போறன்” என்றீர்கள். அன்று பின்னேரமே, கன நாள் கெடாத பருத்தித்துறை வடை சுட உளுந்து ஊறப்போட்டீர்கள்.

பேர்கனில் கப்பல் ஏறினோம். அப்படி ஒரு கரையை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. கடலுக்குள்ளிருந்து நேரே செங்குத்தாக மலை எழும்பும். உச்சியில் ஆடி மாதத்திலும் வெண்பனி. பாறை வெடிப்புகளிலிருந்து அருவி நூல் நூலாக இறங்கும். அடிவாரத்தில் கால் வைக்க இடமில்லாத இடத்தில் சிவப்பாகவும் மஞ்சளாகவும் நாலு வீடு, ஒரு தேவாலயம், ஒரு படகுத்துறை. அந்த நாலு வீட்டுக்கும் கப்பல் நிற்கும். மா மூட்டை இறக்கும், குளிர்சாதனப் பெட்டி இறக்கும், மீன் பெட்டி ஏற்றும். வெள்ளைக்காரர் எல்லாரும் படம் எடுத்துத் தள்ளினார்கள். நீங்கள் சேலைக்கு மேல் உங்கள் மூத்த மகனுடைய ஓவர்கோட்டைப் போட்டு, இரண்டு சோடிக் காலுறைக்கு மேல் செருப்பையும் மாட்டிக்கொண்டு மேல்தட்டில் குந்தியிருந்தீர்கள். “இவ்வளவு கல்லையும் வைச்சு என்ன செய்யிறாங்கள்? ஒரு பாத்தி மிளகாய் நட இடமில்லை” என்றீர்கள். ஒரு ஜெர்மன்காரி உங்களைப் படமெடுக்கலாமா என்று கேட்டாள். “நான் என்ன காட்சிச்சாலையோ எண்டு அவவைக் கேள்” என்றவர், நான் கேட்பதற்குள் ஓவர்கோட்டைக் கழற்றி என் கையில் தந்துவிட்டுச் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றீர்கள்.

வடக்கே போகப் போகப் பொழுது படவே இல்லை. சூரியன் கடலோரம் வரை இறங்கி, மனம் மாறியது போல் திரும்பவும் ஏறிவிடும். விளக்கு வைக்கிற நேரம் தெரியாமல் தவித்தீர்கள். “பொழுது படாத ஊரிலை ராகுகாலம் எப்பிடிப் பாக்கிறது பிள்ளை?” என்று உண்மையாகவே கேட்டீர்கள். “இஞ்சை ராகுவுக்கும் கோடை லீவு மாமி” என்றேன். நீங்கள் வாய்விட்டுச் சிரித்தீர்கள். கலியாணம் கட்டி வந்த நாள்முதல் என் பகிடிக்கு நீங்கள் சிரித்தது அதுதான் முதல்தரம்.

சிரித்த வாயோடேயே, “இன்னும் எத்தினை இடத்திலை நிப்பாட்டுவான்?” என்று கேட்டீர்கள். ஒவ்வொரு துறையிலும் அதையே கேட்டீர்கள். பஸ் என்றால் ஓட்டுநரை முறைத்தாவது பார்க்கலாம். கப்பலை யார் என்ன சொல்லி விரட்டுவது? அது தன் மாவை இறக்கி, தன் மீனை ஏற்றி, தன் நேரத்துக்குத்தான் போகும்.

உங்கள் சின்னவனின் ஊருக்கு ஒரு பின்னேரம் வந்து சேர்ந்தோம். காலையிலேயே பச்சைப் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டீர்கள். ஓவர்கோட் வேண்டாம் என்றுவிட்டீர்கள். கப்பலைக் கயிற்றில் கட்டுவதற்கு முன்பே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். துறையில் ஒரு சாமான் கொட்டகை, நாய் பிடித்த ஒரு கிழவர், பொதிக்காகக் காத்து நின்ற இரண்டு பெண்கள். எல்லாத் தலையும் வைக்கோல் நிறம். கறுத்தத் தலை ஒன்றுகூட இல்லை. கப்பல் அங்கே நிற்பது கால் மணித்தியாலம். பொதி இறக்கியாயிற்று. கிழவர் நாயோடு போய்விட்டார். கப்பல் ஊதியது.

“வேலையாயிருக்கும். மீன் வந்து குவிஞ்சால் விட்டுட்டு வர ஏலாதுதானே” என்றீர்கள்.

நான் “ஓம்” என்றேன். கழிவறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அவனை என் வாய்க்கு வந்தபடி திட்டினேன். வெளியே வந்தபோதும் நீங்கள் அதே இடத்தில்தான் நின்றீர்கள். ஊர் மலைக்குப் பின்னால் மறைந்து கனநேரம் ஆகியிருந்தது.

கப்பல் ரஷ்ய எல்லைப் பக்கம் வரை போய்த்தான் திரும்பும். திரும்புகிற துறையில் இறங்கி, ஒரு தொலைபேசிப் பெட்டியிலிருந்து அவன் மனைவிக்கு எடுத்தேன். அவன் போவான் என்று நம்பித் தான் வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னாள். “இந்த முறை நான் வருகிறேன்” என்றாள்.

தெற்கே திரும்பி வரும்போது அந்த ஊருக்கு ஒரு காலையில் வந்தோம். தூறிக்கொண்டிருந்தது. அவள் வந்திருந்தாள், நெடுநெடுவென்று, தொழிற்சாலைச் சப்பாத்தோடு. கையில் சிவப்பு மழைச்சட்டை போட்ட மூன்று வயதுப் பிள்ளை. நீங்கள் ஏணிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினீர்கள். பிடிக்க வந்த என் கையைத் தட்டிவிட்டீர்கள். பிள்ளையைக் கண்டதும் ஒரு நிமிடம் அப்படியே நின்றீர்கள். உங்கள் அகல நெற்றி அப்படியே அதன் முகத்தில் இருந்தது, மாமி. வைக்கோல் முடிக்குக் கீழே யாழ்ப்பாணத்து நெற்றி.

அவள் கையை நீட்டிக் காட்டினாள். சரிவில் மூன்றாவது வரிசையில் ஒரு மஞ்சள் வீடு. அவன் வீட்டில்தான் இருக்கிறான் என்றாள். நடந்தால் வெற்றிலை போட்டு முடிக்கிற நேரம்கூட ஆகாது.

“வரச்சொன்னவனோ எண்டு கேள்” என்றீர்கள்.

கேட்டேன். அந்தப் பெண்ணுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. எங்கள் ஊர் மருமகள் ஒருத்தி என்றால், “ஓம், ஓடி வரட்டாம்” என்று அந்த இடத்திலேயே ஒன்றைக் கட்டிவிட்டிருப்பாள். அவளுக்காக நான் கட்டுவோம் என்றுதான் வாயெடுத்தேன். நீங்களோ என் வாயைப் பார்க்கவே இல்லை. அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அவள் தலையைக் குனிந்து, மெல்ல இல்லையென்று ஆட்டினாள். அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

“அதுக்கென்ன மாமி, வாங்கோ போவம்” என்றேன். “நாளைக்கு இன்னொரு கப்பல் வருமாம். நான் போய்ப் பெட்டியளை இறக்கிறன். பெத்த பிள்ளை வீட்டுக்குப் போறதுக்கு ஆரும் வெத்திலை வைச்சுக் கூப்பிட வேணுமே?”

“கூப்பிடாமல் போறது செத்தவீட்டுக்குத்தான் பிள்ளை” என்றீர்கள். சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை. “நல்லதுக்குக் கூப்பிட்டால்தான் போறது. நான் சொல்லாமல் கொள்ளாமல் அவன்ரை படியேறினால் என்ன கருத்து? ஒருக்கா அவனைச் சாக்காட்டினது காணாதே?”

விசர்க்கதை என்று உங்களைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்கலாம்தான். ஆனால் உங்கள் முகத்தைப் பார்த்தவர்கள் யாரும் இழுத்திருக்க மாட்டார்கள். ஊரில் எந்தக் கிழவியிடம் கேட்டாலும் நீங்கள் சொன்னதுதான் சரி என்பாள். அந்தச் சரியை வைத்துக்கொண்டு அந்தத் துறையில் நாங்கள் என்ன செய்வது?

நீங்கள் குந்தியிருந்து பிள்ளையை அணைத்து உச்சி மோந்தீர்கள். இரண்டு கையாலும் அதன் கன்னத்தை வழித்து உங்கள் நெற்றிப்பொட்டில் நெட்டி முறித்து நாவூறு கழித்தீர்கள். அந்தச் சத்தத்துக்குப் பிள்ளை சிரித்தது. வடைப் பையைக் கொடுத்தீர்கள். அது அங்கேயே ஒன்றை எடுத்துக் கடித்து, உறைப்பில் முகத்தைச் சுழித்தது, ஆனால் துப்பவில்லை. கப்பல் ஊதியது. நீங்கள் எழும்பி அந்தப் பெண்ணின் தோளில் கை வைத்து, “மழைக்குள்ளை நிக்காதை மோனை, பிள்ளைக்குத் தடிமன் பிடிக்கும்” என்றீர்கள். அவள் விளங்கியது மாதிரித் தலையாட்டினாள். கண் கலங்கியிருந்தாள்.

மேல்தட்டில் நின்று மஞ்சள் வீட்டைப் பார்த்தோம். யன்னலில் வானம்தான் தெரிந்தது, உள்ளே ஆள் இருக்கிறதா என்று தெரியவில்லை. கயிறு அவிழ்த்தார்கள். வீடு சிறுத்துக்கொண்டே போனது. இந்தக் கரையிலேயே மிக அழகான பகுதி இனித்தான் வருகிறது என்று ஜெர்மன்காரி என்னிடம் வந்து சொன்னாள். நான் உங்கள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதைத் தவிர என் கையில் செய்ய ஒன்றும் இருக்கவில்லை.

“கனக்கப் பாத்திட்டன் பிள்ளை” என்றீர்கள். “கீழை போவம், குளிருது.” பேர்கன் வரும்வரை பிறகு நீங்கள் மேல்தட்டுக்கு வரவில்லை.

அதற்குப் பிறகு லண்டனில் உங்களுக்கு மூன்று குளிர்காலம்தான் கிடைத்தது. வருடா வருடம் நத்தார்ப் பண்டிகைக்கு அந்தப் பெண் தொலைபேசி எடுப்பாள். பிள்ளை ஏதோ சொல்லும், நீங்கள் “ஓம் குஞ்சு, ஓம்” என்று கேட்டுக்கொண்டிருப்பீர்கள். பிள்ளை முடித்த பிறகும் கொஞ்சநேரம் காதிலேயே வைத்திருப்பீர்கள். அந்தப் பக்கத்தில் வேறு யாரும் வாங்கிப் பேச மாட்டார்கள். ஆஸ்பத்திரியில் உங்களுக்குப் பேச்சு நிற்கப்போன நேரம், “தம்பியை வரச்சொல்லட்டோ மாமி?” என்று கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டீர்கள். அது ஓமா, வேண்டாமா? இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நான் அவனுக்குத் தொலைபேசி எடுத்தேன். மறுநாள் நீங்கள் போய்விட்டீர்கள். அதற்கு அடுத்த நாள்தான் அவன் வந்தான்.

மயானத்து மண்டபத்தில் வாசலோரம் நின்றான், மனைவியும் பிள்ளையும் பக்கத்தில். முன்தலை வழுக்கை. “பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு” என்று எனக்குப் பின்னால் ஒருவர் அவன் காதில் விழவே சொன்னார். நானும் அந்த வருடங்கள் முழுக்க அப்படித்தான் நினைத்திருந்தேன். வாய்க்கரிசி போடுகிற நேரம் உங்கள் மூத்தவர் அவனோடு பேசவில்லை, ஆனால் அரையடி தள்ளி நின்று இடம் விட்டார். அவன் அரிசியைக் கைக்குள் பொத்தி வைத்துக்கொண்டு நின்றான், நின்றான், பின்னால் வரிசை நெருக்குகிற வரைக்கும் நின்றான்.

எல்லாம் முடிந்து வெளியே கார் நிறுத்துகிற இடத்தில் என்னிடம் வந்தான். “அண்ணி, முதல் வந்த அண்டைக்கு அம்மா பச்சைச் சீலைதானே உடுத்திருந்தவ?” என்று கேட்டான்.

எனக்கு விளங்க ஒரு நிமிடம் பிடித்தது.

“ரண்டு தரமும் யன்னலுக்குள்ளாலை பாத்துக்கொண்டுதான் நிண்டனான்” என்றான்.

என் அடக்கமெல்லாம் போய்விட்டது. செத்தவீடு என்றும் பார்க்காமல் கத்தினேன். “பாத்தனீர் எண்டால் ஏன் இறங்கி வரேல்லை? இறங்கி வர ஏலாட்டிக் கதவைத் திறந்து ஒரு சொல்லு, வாங்கோ எண்டு ஒரு சொல்லு கூப்பிட்டிருக்கலாமே? அதுக்காகத்தானே அந்த மனிசி கடலெல்லாம் தாண்டி வந்து மழைக்குள்ளை நிண்டது!”

“என்னை முழுகினவ, அண்ணி” என்றான். “தண்ணி சொட்டுற சத்தம் எனக்கு ரெலிபோனிலை கேட்டது. அம்மா ஏறி வருவா, வந்தால் காலிலை விழுவம் எண்டுதான் நிண்டனான். செத்தவன் போய் வாங்கோ எண்டு எப்பிடிக் கூப்பிடுறது?”

அவன் கோபத்தில் கேட்கவில்லை, மாமி. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டான். உங்களைப் போலவே.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எடுக்கிறான். தமையனோடும் நாலு சொல் பேசுகிறான். பனி கொட்டுகிறதைச் சொல்லுவான், பிள்ளையின் படிப்பைச் சொல்லுவான். வைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும், “இந்தக் கோடைக்கு எங்கடை வீட்டை வாங்கோ அண்ணி, கட்டாயம் வாங்கோ” என்கிறான். அவ்வளவு லேசாக அந்தச் சொல் அவன் வாயில் வருகிறது. நான் “ஓம், பாப்பம்” என்று சொல்லி வாங்கிக்கொள்கிறேன். அது எனக்குரியது இல்லை என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உங்களுக்குரியதை எங்கே கொண்டுவந்து தருவது என்றுதான் எனக்குத் தெரியவில்லை, மாமி.